மருதானை ஸாஹிராவும் வண்ணார்பண்ணைக்காரர் ஒருவரும்

கொழும்பு மருதானையில் இருக்கும் முஸ்லிம் கல்லூரியான ஸாஹிராவில் படித்தவன் என்று சொன்னால் போதும், அடுத்த பேச்சு உதைபந்தாட்டம்தான். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் இந்தக் கல்லூரி தமிழுக்குச் செய்ததை எங்கள் ஆட்களே பேசக் காணோம். அது எனக்கு ஆற்றாமை.

1892இல் மருதானைப் பள்ளிவாசலோடு ஒட்டினாற்போல் தொடங்கிய பாடசாலை இது. முன்னின்றவர்களில் ஒருவர் கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்தி லெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தவர், ஈழத்தின் முதல் தமிழ் நாவலை எழுதியவர். ஆக, அத்திவாரம் போடும்போதே தமிழ் உள்ளே வந்துவிட்டது. இன்னொருவர் கட்டட ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலை அவர் கட்டியது. "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டபோது, "வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள், அது போதும்" என்றாராம். எங்கள் வாப்பா இந்தக் கதையை நூதனசாலையைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார். இவர்களுக்கு ஊக்கம் கொடுத்தவர் எகிப்திலிருந்து ஆங்கிலேயர் நாடுகடத்திய ஒராபி பாஷா. கல்லூரி இருக்கும் வீதிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பிறகு 1921இல் டி. பி. ஜாயா அதிபராக வந்தார். மலாய்க்காரர், அதற்கு முன் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் படிப்பித்தவர். சின்னப் பள்ளிக்கூடமாக இருந்ததை 1948 வரை இருந்து பெரிய கல்லூரியாக்கினார். கல்லூரியின் கபூர் மண்டபம் அவர் காலத்தது. கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம என்று கிளைகளும் திறந்தன.

சரி, நான் சொல்ல வந்தவர் இவருக்கு அடுத்து வந்தவர். ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். படித்தது வைத்தீஸ்வராவிலும் யாழ். இந்துக் கல்லூரியிலும். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் என்ன மதிப்பு என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், அங்கே பிள்ளைகள் படிக்க வழியில்லாமல் நிற்பதைக் கண்ணால் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியம் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். 1948இல் அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபர் கதிரையில் வந்து உட்கார்ந்தார். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

முஸ்லிம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழிலேயே படிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். தானும் தமிழில் எழுதினார். 1961 வரை அவர் இருந்த அந்த வருடங்களை பொற்காலம் என்று மூத்த மாணவர்கள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள கரவெட்டியிலிருந்து வந்து இங்கே படித்த ஒரு மாணவர்தான் பின்னாளில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. பேராதனையில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து இங்கேயே படிப்பித்தார். வடமராட்சிப் பையன் ஒருவன் முஸ்லிம் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் நிற்பது அன்றைக்கு ஒரு செய்தியாகவே இருந்திராது. தமிழ் ஆய்வுலகம் அண்ணாந்து பார்த்த ஒருவரை வளர்த்ததில் மருதானைக்கும் பங்குண்டு என்பதை, கேடயங்களை எண்ணும் நேரத்தில் நாங்கள் நினைப்பதில்லை.

என் காலத்திலும் அந்த வாசனை மிச்சம் இருந்தது. எங்கள் தமிழ் சேர் செய்யுளை நடந்துகொண்டே வாசிப்பார். லுஹர் பாங்கு, அதாவது நண்பகல் தொழுகைக்கான அழைப்பு, கேட்டதும் பாதி அடியில் நிறுத்தி, சோக்கை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பார். நாங்கள் விட்ட சொல்லில் விரலை வைத்துக் காத்திருப்போம். என் பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனைக் கூட்டாளி, வெள்ளிக்கிழமையென்றால் நெற்றியில் திருநீற்றோடு வருபவன், அவனும் விரலை எடுக்கமாட்டான். பாங்கு முடிந்ததும் சேர் அதே சொல்லில் தொடங்குவார். அப்புறம் பொருள் சொல்லும்போது யாரும் அசையமாட்டோம்.

பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் மைதானம், மின்விளக்கு, பஸ் என்று பணம் சேர்க்கிறோம். சேர்க்கட்டும், நானும் கொடுக்கிறேன். அஸீஸ் தமிழில் எழுதிய கட்டுரைகளைக் கையடக்கமான ஒரு பதிப்பாகப் போட்டு, சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க எவ்வளவு செலவாகப் போகிறது? வரும் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். என்னோடு கையுயர்த்த விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.