'இனி' வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டு வருஷம் முப்பத்தொரு சில்வண்டுகளோடு குடித்தனம் நடத்தினேன். எல்லாம் செத்தவை, ஊசியில் குத்தியவை. எங்கள் பக்கம் காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அது கண்டெய்னர் லாரி போடும் சத்தம். இந்தப் பூச்சிகள் என் வழிகாட்டி சார் பல வருஷத்துக்கு முன் வடகிழக்கு மலைகளில் பிடித்து வந்தவை. "இதுல மூணு வகை இருக்கு. ரெண்டு, புத்தகத்துல வேற வேற பேரினத்துல கிடக்குது. மூணாவதுக்குப் பேரே இல்ல. ஆனா மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி எனக்குத் தோணுது. நீ பாரும்மா" என்று பெட்டியைக் கையில் கொடுத்தார்.

பூச்சியைப் பார்ப்பதற்கு முன் பழைய எழுத்தைப் பார்க்க வேண்டும். விலங்குப் பெயர்களுக்கு 1758தான் கணக்குத் தொடக்கம். முதலில் வைத்த பேருக்கே உரிமை என்பதால், நாம் 'புதுசு' என்று சொல்வதை யாராவது நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் நம் உழைப்பு அம்போ. 1850-களில் பிரான்சிஸ் வாக்கர் என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்காகப் பூச்சிகளைப் பட்டியல் போட்டார். நாலு வரியில் நிறத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பூச்சிக்குப் போய்விடுவார். உயிரோடு இருக்கும்போது பச்சையாக இருக்கும் சில்வண்டு பெட்டிக்குள் போனால் பழுப்பாகிவிடும் என்பதால், அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்புறம் வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட். பிரிட்டிஷ் இந்தியச் சில்வண்டுகளை அவர் 1906-இல் ஒரே தொகுதியில் அடக்கிவிட்டார். இன்றைக்கும் அதைத் திறக்காமல் வேலை நடக்காது.

ஆண் சில்வண்டின் அடிவயிறு தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வரி வரியாக ஒரு சவ்வு உண்டு. டிம்பல் என்பார்கள், சத்தம் பிறக்கும் இடம் அதுதான். உள்ளே இருக்கும் தசை இழுத்தால் அது 'டிக்' என்று உள்வாங்கும், விட்டால் திரும்பும். தகர டப்பா மூடியை அமுக்கி விடுவது போலத்தான், விநாடிக்கு நூற்றுக்கணக்கில். காலியாக இருக்கும் வயிறு அதைப் பெருக்கிக் கொடுக்கும். இந்த டிம்பலின் மேல் சிலதுக்கு முழு மூடி, சிலதுக்குப் பாதி மூடி, சிலதுக்கு மூடியே இல்லை. டிஸ்டன்ட் அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் மூன்று துணைக்குடும்பமாகப் பிரித்தார். எங்கள் மூன்றுக்கும் பாதி மூடி, அதுவும் ஒரே வளைவு. எனக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது. அங்கேதான் சறுக்கினேன்.

நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது ஆணின் பின்முனைதான். அதைக் கழற்றிப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, சோதனைக் குழாயை வெந்நீரில் நிறுத்தினால் சதை கரைந்து தேன் நிறத்தில் ஓடு மட்டும் நிற்கும். கழுவிக் கிளிசரினில் போட்டு நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தை நாலு மணிக்குப் பூட்டிவிடுவதால் இதை மாடியில் வைத்தே செய்தேன். ஒருநாள் கரைசல் சூடாகிக்கொண்டிருந்தபோது கீழே தண்ணீர் லாரி ஹாரன். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, வரிசையில் நின்று, ஏழு குடம் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், ஓடு கண்ணாடி மாதிரி வெளுத்து, எது விளிம்பு எது மடிப்பு என்றே தெரியவில்லை. நல்லவேளை, அந்த வகையில் இன்னும் நாலு ஆண் இருந்தன. "ரெண்டு வருஷமா பூச்சிய வேக வெச்சினு கிடக்குற, ஒரு நாளாவது சோறு வெச்சியா?" என்றார் அம்மா. ஆனால் எறும்பு ஏறாமலிருக்க மேஜைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

பின்முனைகள் மூன்றும் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் ஆசைப்பட்டது பேரினத்துக்கும் மேலே, ஒரு புது ட்ரைப். விலங்கு வகைப்பாட்டில் குடும்பப் பெயர் 'இடே' என்று முடியும், துணைக்குடும்பம் 'இனே', ட்ரைப் 'இனி'. தமிழ்க் காதுக்கு 'இனி' என்று முடிகிற பேர் எவ்வளவு அழகு! கட்டுரையை அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்து மதிப்பீடு வந்தது. ஒருவர் நிறுத்தற்குறி திருத்தியிருந்தார். இன்னொருவர் கேட்டார்: டிம்பல் மூடியைத் தவிர இந்த ட்ரைப்புக்கு உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? அந்த மூடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிளைகளில் தனித்தனியாக வந்தும் போயும் இருக்கிறதே? 2018-இல் உலகச் சில்வண்டுகளின் மரபணுவை ஒப்பிட்டு ட்ரைப்புகளையும் துணைக்குடும்பங்களையும் திருத்தி அமைத்த ஆய்வை எதற்குப் படித்தீர்கள்? இரண்டு நாள் அவரை மனசுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் ஆளுக்கொரு காலை உடைத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வழக்கமாகப் படிக்கும் மரபணுத் துண்டின் 658 எழுத்தும் இரண்டு வகைக்கு முழுசாக வந்தது. மூன்றாவது பழசு, வரவில்லை. வந்த இரண்டும் உறவு மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன, ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு ட்ரைப்புக்கு உள்ளேயே. அந்தச் சின்னத் துண்டை வைத்து ட்ரைப் அளவுக்குத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. 'இனி' போயிற்று. பேரினம் மட்டும் நின்றது.

பேர் வைப்பதிலும் ஒரு கூத்து. தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்தோம். நமக்குப் பூச்சி அஃறிணை, அதோடு முடிந்தது. லத்தீன் வழக்கில் நடக்கும் அறிவியல் பேரில் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டுமில்லையா என்று சொல்லியாக வேண்டும். அதற்கேற்பத்தான் இனப்பெயரின் விகுதி. பெண்பால் என்று எழுதினோம். பழைய பேரினத்திலிருந்து இழுத்து வந்த இரண்டுக்கும் வால் மாறியது. பேரினம் மாறியதால், இனப்பெயருக்குப் பின்னால் எழுதும் முதலில் பேர் வைத்தவர்களின் பெயர் அடைப்புக்குறிக்குள் போனது. பேரைச் சொல்லேன் என்று கேட்காதீர்கள். அச்சில் விவரத்தோடு வரும்வரை அது வெறும் சத்தம்தான், சட்டத்தில் நிற்காது. மெய்ப்புப் பார்த்து அனுப்பிவிட்டோம், விலங்குப் பெயர்களைப் பதியும் ஜூபேங்க் தளத்தின் பதிவெண்ணும் வந்தாயிற்று.

போன வாரம் புதுப் பேருக்கு அத்தாட்சியாக நிற்கும் மூல மாதிரியைச் சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகக் கிளையில் ஒப்படைத்தேன். புது இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்பது 2002 பல்லுயிர்ச் சட்டம். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் தாங்கிக்கொண்டே போனேன். ராயபுரம் தாண்டும்போது ஓட்டுநர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, கேக்கா?"

"பூச்சிண்ணா."

அதற்கப்புறம் பாரிமுனை வரை அவர் பேசவே இல்லை. ஆனால் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

சிவப்புச் சீட்டுக் குத்திய அந்த ஒன்றும் துணை மாதிரிகளும் அங்கே போயின, மிச்சம் சாரிடம் திரும்பின. மாலை வீட்டுக்கு வந்தால் மேஜையடியில் கிண்ணங்கள் இல்லை. அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.