வெறுஞ்சாக்கு

போன வாரம் குன்னூரில் ஒரு ஓட்டல் ஹாலில் எங்கள் கம்பெனி ஆட்களுக்கு டிரெய்னிங். முதலாளி ஜெர்மன்காரர். அதனால் எந்த நாட்டுக்காரன் வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்வான் என்று பாடம். ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐபிஎம் ஊழியர்களிடம் கேட்டுப் போட்ட மார்க்கைத் திரையில் காட்டினார்கள். அதிகார ஏற்றத்தாழ்வுக்குத் தலையாட்டுவதில் இந்தியா 77, ஜெர்மனி 35. "நம்ம ஆளுங்க மேனேஜர் முன்னாடி வாய் திறக்க மாட்டாங்க, அது நம்ம கல்ச்சர்" என்றார் வகுப்பெடுத்தவர். எல்லாரும் சிரித்தோம்.

எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பவென்று ஒதுக்கிய 5,25,000 இந்திய வம்சாவளியினரில் அவரும் ஒரு ஆள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் தோட்ட வேலை. தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப் வந்தால் தலைத்துணியை இறக்கிவிட்டு ஓரமாக நிற்பார். கல்ச்சர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மழைக்காலம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்து ஆளுக்கு மூணு கிலோ கழித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கொழுந்தைக் கொட்டிவிட்டு, நனைந்த வெறுஞ்சாக்கை உதறாமல் அப்படியே தராசுக் கொக்கியில் மாட்டினார். "இப்பப் பாருங்கய்யா, எவ்வளவு?" முள் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. பின்னால் நின்ற பெண்கள் யாரும் சத்தம் போடவில்லை. மூட்டையைத் தராசுக்குத் தரவும் இல்லை. மறுநாளிலிருந்து கழிவு ஒரு கிலோ. "அங்கன சங்கத்துக்குச் சந்தா கட்டுனவ நான்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியில் 1976லிருந்து ஒரு சட்டம். 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. (ஓட்டு சமமாகிவிட்டால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. தலைவர் பொதுவாக முதலாளி பக்கத்து ஆள். அங்கேயும் துரை துரைதான்.) இது ரத்தத்தில் வந்ததா? அதே ஜெர்மனியில்தான் 1933 மே 2 அன்று நாஜிகள் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கைப்பற்றினார்கள். ஜப்பான்காரர் சாது என்கிறார்கள். 1950ல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் கம்பெனித் தலைவர் கீச்சிரோ டொயோடாவே பதவியை விட்டுப் போனார்.

இதையெல்லாம் எழுந்து சொல்லியிருக்கலாம். "எனி கொஸ்டின்ஸ்?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். முதல் வரிசையில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாசம் அப்ரைசல். நான் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு ஜன்னலில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.