ஒரு சாண் தூரம்

ஜூன் 9, 2024, ஞாயிறு

லேசர் வைத்துக் கண்ணைச் சரிசெய்துகொள்வதா வேண்டாமா என்று இந்த ஆடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். அதுவரை நடப்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 5, இடது கண்ணில் மைனஸ் 5.5, அதோடு 0.75 சிலிண்டர், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாத குறை. ஆறாம் வகுப்பில் போட்ட கண்ணாடி. இப்போது வயது 38. பவர் ஏறாமல் நின்று பத்து வருடம் ஆகிறது.

இத்தனை வருடம் இல்லாத ஆசை இந்தச் சித்திரையில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் யாருடைய முழங்கையோ பட்டுக் கண்ணாடி விழுந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் குனிந்து தேட முடியுமா? அழகர் எதிரேதான் இருந்தார். எனக்குத் தெரிந்தது பொன்னிறத்தில் அசைந்த ஒரு கலங்கல். என்ன நிறப் பட்டு என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீடு வரும்வரை மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. "அம்மா, படி இருக்கு", "அம்மா, வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று இரவு அழுதேன்.

தம்பிக்கு 25 வயது, மைனஸ் 3. அவன் செய்துகொள்வதென்று முடிவே செய்துவிட்டான். "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிரலாம்க்கா" என்கிறான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக் கல்யாணங்களுக்கான ரவிக்கைகள் ஆடிக் கடைசியில்தான் வந்து குவியும். நான் ஆரி வேலை செய்கிறவள். 'காட்' என்கிற சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. படுத்து ஓய்வெடுக்க வருடத்தில் அந்த இரண்டு மூன்று வாரம்தான் உண்டு.

ஜூன் 12, புதன்

விளம்பரத்தில் பார்த்த ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். இன்றைக்கே ஐயாயிரம் கட்டினால் இருபதாயிரம் குறையுமாம், இந்த வாரத்தோடு சலுகை முடிகிறதாம். என் கண்ணை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தை, கருவிழியை, செதுக்குவதுதான் இந்த லேசர். என் கருவிழி இதைத் தாங்குமா என்றே தெரியாது. அதற்குள் விலை பேசினால் எனக்குக் கோபம் வராதா? நாலு தடவை திரும்ப அழைத்தார்கள். எடுக்கவில்லை.

மருத்துவக் காப்பீட்டையும் கேட்டுப் பார்த்தேன். பவர் 7.5-க்குக் கீழே இருந்தால் பார்வையைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. எனக்கு 5.5 என்பதால் கிடைக்காது. சீட்டுப் பணம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார் வீட்டுக்காரர்.

ஜூன் 22, சனி

கல்யாண வீடுகளுக்குப் போகும்போது மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போடுவேன். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைத் தொடக் கூடாதாம். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும், அப்போது அளந்தால் அளவு தப்பாகிவிடும். இன்று ஒரு நிச்சயதார்த்தம், கண்ணாடியோடுதான் போனேன்.

இரவு உட்கார்ந்து இந்த லேசர் எங்கிருந்து வந்தது என்று படித்தேன். படித்து முடிக்கும்போது மனசு நிறைந்திருந்தது. ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், அங்கே ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், அங்கே நன்றி நவிலும் நாள் என்று கொண்டாடுகிற விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் 193 நானோமீட்டர் புறஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். வேறொரு லேசர் பட்ட இடம் கருகிப்போனது. இது பட்ட இடத்தில் கருகலே இல்லாமல் சுத்தமான வெட்டு. இந்த ஒளி சூட்டினால் அறுப்பதில்லையாம், மூலக்கூறுகளின் பிணைப்பையே பிரித்துவிடுமாம். ஜேம்ஸ் வைனும் சாமுவேல் பிளமும் கூட வேலை பார்த்தவர்கள். பிறகு ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் இதைக் கருவிழியில் பயன்படுத்தலாம் என்று இவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

லேசரின் ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் எடுக்குமாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் தொழிலில் பட்டில் ஓர் இழை அறுந்தாலே ரவிக்கை போச்சு. இவ்வளவு பக்குவமான கருவி என்று படித்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

ஜூன் 29, சனி

தம்பியும் நானும் போய்வந்தோம். வேறு ஆஸ்பத்திரி, தெரிந்தவர்கள் சொன்னது. காலை ஒன்பதுக்குப் போய் வெளியே வரும்போது மணி இரண்டு. சொட்டு மருந்து விட்டுப் கண்பாவையை விரித்திருந்ததால் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வண்டி ஓட்டாமல் ஆட்டோவில் வந்தது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் கருவிழியின் மேடுபள்ளத்தை ஒரு கருவி வரைபடமாக எடுத்தது. சிலருக்குக் கருவிழி கூம்பு மாதிரி புடைக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் அவர்களுக்கே தெரியாது. அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் பார்வை மோசமாகிவிடும். அதனால் இந்தப் படம் எடுக்காமல் யாரும் கண்ணில் கை வைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கண்ணாடி போட்டிருந்தார்.

என் கருவிழியின் தடிமன் இடது கண்ணில் 514 மைக்ரான், அரை மில்லிமீட்டர்தான். டாக்டர் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். மேலே மடல் மாதிரி வெட்டித் திறந்து, லேசர் முடிந்ததும் திரும்ப மூடுவது 110. என் பவருக்கு லேசர் எடுப்பது ஏறக்குறைய 90. மிச்சம் 314. கீழே 250-க்குக் குறையவே கூடாது, தான் 300-க்குக் கீழே போக விடுவதில்லை என்றார். ஆக, எனக்கு இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

அப்புறம் கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள். கண்ணீர் எவ்வளவு தூரம் நனைக்கிறது என்று பார்க்க. எனக்கு ஒன்பது மில்லிமீட்டர்தான் நனைந்தது. பத்துக்கு மேல் இருந்தால் நல்லதாம். மடல் எடுக்கும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடும், அவை வளர்ந்து வருகிறவரை கண் உலரும், சிலருக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து வேண்டியிருக்கும் என்றார். ஏற்கனவே உலர்ந்த கண்ணுக்கு இது கூடுதல் கஷ்டம்.

விழித்திரையையும் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. லேசருக்குப் பிறகு கண்ணாடி போனாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்றார். கிட்டப்பார்வைக்காரர்களின் கண்விழி நீளம் அதிகம். லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் மாற்றும், நீளத்தை மாற்றாது. இதை எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

எல்லாம் முடிந்து நான் தேதி கேட்கப் போகும்போது, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காட்ல உட்காரும்போது கண்ணாடி போடுவீங்களா?"

"இல்ல டாக்டர், கழட்டிருவேன். அப்பதான் நல்லாத் தெரியும்."

"அப்ப அதைக் கொஞ்சம் யோசிக்கணும்மா. உங்களுக்குச் செய்யலாம். ஆனா செஞ்சா அது போயிரும்."

மைனஸ் 5 என்றால் கண்ணாடி இல்லாமல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் கண் எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகப் பார்க்கும். ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவு. லேசர் செய்தால் அந்தத் தெளிவு தூரத்துக்குப் போய்விடும். பக்கத்தில் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுக்க வேண்டும். அது 25 வயதுத் தம்பிக்கு முடியும். 38-இல் பாதி போயிருக்கும், இன்னும் நாலைந்து வருடத்தில் வெள்ளெழுத்து வந்துவிடும். "கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டு ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சு பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கண் எப்படி இருக்குமோ அதுக்குக் கிட்டத்தட்ட அதுதான். கண்ணாடி போட்டுட்டு வேலை செஞ்சு பார்த்தா அந்த வித்தியாசம் சரியாப் புரியாது. பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலை எட்டரைக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு காட்டின் முன் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் லென்ஸோடு நான் ஊசியைத் தொட்டதே இல்லை.

சந்தன நிறப் பட்டில் ரவிக்கைக் கைக்கு மயில். மயிலின் கழுத்துக்கு ஜர்தோசி என்கிற சுருள் ஜரிகை, தோகைக் கண்களுக்கு சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணி. முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. சரி, பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அப்புறம் மணி ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தால் தெளிவாகிறது, ஆனால் மணி சிறுத்துவிடுகிறது. ஆரி ஊசியின் கொக்கி கீழே இடது கை கொடுக்கும் நூலைப் பிடித்து மேலே வருவதை நான் கண்ணால் பார்த்துச் செய்கிறவள். அந்தக் கொக்கியே தெரியவில்லை. கை பழக்கத்தில் போனது, இரண்டு இடத்தில் சங்கிலித் தையல் அறுந்தது. ஒரு மணி நேரத்தில் முடிக்கிற ஓரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பதினோரு மணிக்குப் புருவத்துக்கு மேலே வலி.

லென்ஸைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, வெறுங்கண்ணோடு மறுபடி உட்கார்ந்தேன். ஒரு சாண் தூரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பட்டின் நெசவு, ஊடும் பாவும் தனித்தனியாக. ஜர்தோசிச் சுருளின் ஒவ்வொரு வளையமும். இதை நான் ஆறாம் வகுப்பிலிருந்து குறை என்றே நினைத்திருந்தேன். என் கையில் இருக்கும் தொழிலில் பாதி இந்தக் கண்தான் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு ஆரி சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் பிறவியிலேயே நல்ல பார்வை. நாற்பத்தைந்து வயதில் கிட்டத்தில் இருப்பது தெரியாமல், கனமான கண்ணாடி போட்டும் பழகாமல், மணி வேலையை விட்டுவிட்டு இப்போது தையல் மட்டும் செய்கிறார். அவர் கை மாதிரி வேலை எனக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 10, புதன்

டாக்டரிடம் போனில் பேசினேன். இன்னொரு வழியும் சொன்னார். ஒரு கண்ணைத் தூரத்துக்குச் சரிசெய்து, மற்றதில் மைனஸ் 1.5 விட்டுவைப்பது. அதில் தெளிவாகத் தெரிவது ஒன்றரை முழத் தூரம். போன் பார்க்க, சமைக்க அது போதும். எனக்கு வேண்டியது ஒரு சாண்.

வேலைக்கு மட்டும் பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே என்றும் கேட்டேன். போடலாம், பழகிவிடும் என்றார். அதையும் யோசித்தேன். நான் காட்டின் முன் உட்காருவது தினம் எட்டு மணி நேரம். வண்டியில் போவது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு மாட்டிக்கொள்வதா?

செய்துகொள்ளப் போவதில்லை. இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. காலையில் கண் விழித்ததும் மகள் முகம் தெளிவாகத் தெரியும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, புதன், ஆடி 1

அம்மாவுக்கு நிம்மதி. ஆடியில் கண்ணில் கை வைக்க வேண்டாம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று "கண்ணாடியைக் கழட்டிட்டு வாம்மா" என்று சொன்னதும் இதே அம்மாதான். காபித் தட்டோடு வந்து நின்ற எனக்கு மாப்பிள்ளை முகம் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் சரி என்றேன். இந்த வீட்டில் என் மகளுக்கு அப்படி யாரும் சொல்ல விடமாட்டேன். அவளுக்கும் போன வருடம் மைனஸ் 1 வந்திருக்கிறது.

ஜூலை 20, சனி

தம்பிக்கு இன்று முடிந்தது. அவனுக்குத் தடிமன் 545, கண்ணீரும் நன்றாக இருக்கிறது. அவன் ராத்திரியிலும் மழையிலும் பைக்கில் சுற்றுகிற வேலை பார்க்கிறவன். அவனுக்கு இது சரியான முடிவு. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

மரத்துப்போக சொட்டு மருந்து மட்டும்தான், முழு நினைவோடு படுத்திருந்தான். நடுவில் கண்ணை அழுத்திப் பிடித்தபோது சில நொடி எல்லாம் இருட்டானதாம். அப்போதுதான் பயந்தானாம். "கருகுற மாதிரி ஒரு வாசம் வந்துச்சுக்கா" என்றான். அது கருகல் இல்லை என்று வான்கோழிக் கதையைச் சொன்னேன். மாலை முழுக்கக் கண்ணில் நீர் வடிந்தது, மிளகாய் பட்ட மாதிரி எரிச்சல். தூக்கத்தில் கசக்கிவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் மூடி கொடுத்திருக்கிறார்கள். மடல் நகர்ந்துவிடுமாம். இரவு பத்துக்கு நான்தான் மருந்து விட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் மூடியை எடுத்ததும் தம்பி வாசலுக்குப் போனான். எதிர் முக்கில் நின்ற பஸ்ஸின் நம்பரைப் படித்தான், அப்புறம் ஊர்ப் பெயரை, அப்புறம் பின்கண்ணாடியில் எழுதியிருந்த குலசாமி பெயரை. சின்னப் பிள்ளை மாதிரி மூன்றையும் சத்தமாகப் படித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுபரிசோதனையில் எல்லாம் சரி. ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள் இருக்கும் தாளைத் தொலைக்காமல் வைக்கச் சொன்னார் டாக்டர். வயதான பிறகு புரை வந்து லென்ஸ் வைக்க வேண்டியிருந்தால், இந்த அளவு இருந்தால் பவரைக் கணக்கிட உதவும். பாட்டிக்கு அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்தபோது கூட இருந்தவள் நான், அதனால் அந்தத் தாளை நானே வாங்கிவந்து பீரோவில் அப்பாவின் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

வரும் வழியில் கண்ணாடிக் கடையில் ஏறினேன். இரண்டாவதாக ஒரு கண்ணாடி, எளிதில் உடையாத லென்ஸ், கழுத்தில் மாட்டக் கயிறு. அடுத்த சித்திரைக்கு அன்றன்றைக்குப் போட்டுத் தூக்கி எறியும் லென்ஸ் இரண்டு ஜோடி வாங்கச் சொல்லி மகள் காலண்டரில் எழுதிவைத்துவிட்டாள்.

மயிலுக்கு இன்னும் ஏழு கண் பாக்கி. புதன்கிழமை கொடுக்க வேண்டும்.