கலக்கிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்த முட்டாள்தனம்

சாண எரிவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்குதான் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அடுப்பெரிக்க அது போதும்; வண்டி ஓட்டப் போதாது. அழுத்தி அடைத்து விற்கும் உயிரிவாயுவில் குறைந்தது 90 சதவீதம் மீத்தேன் வேண்டும் என்கிறது ஐஎஸ் 16087 என்ற இந்தியத் தரநிர்ணயம். வழக்கமாகத் தண்ணீரில் கழுவியோ சவ்வு வழியே பிரித்தோ கரியமில வாயுவை வெளியே விட்டுவிடுவார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு, ஹைட்ரஜனைச் சேர்த்து அந்தக் கரியமில வாயுவையும் நுண்ணுயிர்களைக் கொண்டே மீத்தேனாக்குவது.

அந்த உயிரிகள் சாணத்திலேயே இருக்கின்றன. பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா. அவை தனி வம்சம் என்று 1977-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ் காட்டினார். பக்கத்து ஊரில் மாடு வளர்க்கும் ஒருவரின் கலனிலிருந்து இரண்டு வாளி கரைசல் எடுத்து வந்தேன். “சாணிக் கரைசலுக்கா தம்பி ஏசி அறை?” என்று சிரித்தார். ஏசி இல்லை, 55 டிகிரி சூடு என்றதும் இன்னும் சிரித்தார்.

கணக்கு எளிது. ஒரு பங்கு கரியமில வாயுவுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன். கிடைப்பது ஒரு பங்கு மீத்தேனும் தண்ணீரும். முதல் வாரம் உள்ளே விட்ட ஹைட்ரஜனில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்தது. உயிரிகளுக்குச் சத்துக் குறைவோ என்று நிக்கல், கோபால்ட் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். பலனில்லை. “கஞ்சி காய்ச்சிவிட்டாய், பிள்ளைகளின் வாய்க்குப் போனதா?” என்று கேட்டார் பேராசிரியர். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம் ஹைட்ரஜன்கூடக் கரையாது. என் பெரிய பெரிய குமிழிகள் உயிரிகளைத் தொடாமலே மேலேறிப் போயிருக்கின்றன. மீன் தொட்டியில் போடும் குமிழிக் கல்லை அடியில் வைத்து, கலக்கியின் வேகத்தைக் கூட்டி, வெளிவரும் வாயுவையே திரும்பத் திரும்ப உள்ளே சுற்றவிட்டதும் நிலைமை மாறியது.

பிறகும் கணக்கு உதைத்தது. ஹைட்ரஜன் குறைகிறது, அந்த அளவுக்கு மீத்தேன் ஏறவில்லை. சோப்பு நுரை பூசிப் பார்த்தால் ஒரு குமிழிகூட இல்லை. கடைசியில் பார்த்தால் சிலிகான் குழாய்! அதன் சுவர் வழியாகவே ஹைட்ரஜன் கசிந்துகொண்டிருந்தது. எஃகுக் குழாய்க்கு மாறினேன். இதற்குப் போனது ஒன்றரை மாதம்.

அடுத்தது என் சொந்தத் தவறு. மின்வெட்டுக்குப் பயந்து கலக்கியை யூபிஎஸ்ஸில் இணைத்திருந்தேன். வாயுவை அளந்து விடும் கருவியை இணைக்கவில்லை. ஓர் இரவு மின்சாரம் போனது. கருவியின் வால்வுகள் மூடிக்கொண்டன. கலக்கி ஓடியது, உயிரிகள் தின்றுகொண்டே இருந்தன. ஐந்து பங்கு வாயு ஒரு பங்காகச் சுருங்கினால் மிச்ச இடத்தை எது நிரப்பும்? வாயு வெளியேறும் குழாயின் முனை மூழ்கியிருந்த குப்பித் தண்ணீரை ரியாக்டர், அதாவது உயிரிகள் இருந்த கலன், முதலில் உறிஞ்சியது, பின்னாலேயே காற்றை. காலையில் வந்தபோது, ஆக்சிஜன் பட்டால் நிறம் காட்டும் சாயம் ரியாக்டர் முழுவதையும் ரோஜா நிறமாக்கியிருந்தது. பேராசிரியர் திட்டவில்லை. எந்த சுவிட்சையும் தொடாதே என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். ஹைட்ரஜனும் காற்றும் கலந்த பாத்திரம் அது; ஒரு பொறி பட்டாலே வெடிக்கலாம்.

உயிரிகள் முழுதாகச் சாகவில்லை; பழைய நிலைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இப்போது வெளிவாயில் எரிவாயு நிரப்பிய பை ஒன்று தொங்குகிறது. ரியாக்டர் மூச்சு இழுத்தால் அதிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

கரியமில வாயுவை முழுவதும் தீர்த்துவிட்டால் கரைசல் காரமாகி உயிரிகள் சோர்ந்துவிடும் என்பதால், ஹைட்ரஜனை நான்குக்குச் சற்றுக் குறைத்து வைத்தேன். மீத்தேன் 95 சதவீதத்தைத் தொட்டது.

“கரண்டைக் கொடுத்து காஸா?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. ஒரு கன மீட்டர் மீத்தேனுக்கு வேண்டிய ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 18 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த மீத்தேனில் இருப்பதோ சுமார் 10 யூனிட். வாங்கிய மின்சாரத்தில் இது கட்டுபடியாகாது. காற்றுக் காலத்தில் கிரிட்டால் ஏற்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நேரத்து மின்சாரமென்றால் பேச்சு வேறு. டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய ஆவெடோர் கழிவுநீர் நிலையத்தில் 1 மெகாவாட் அளவில் இதைச் சோதித்ததும் அந்த எண்ணத்தில்தான்.

கலக்கியை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிட்டேன். மின்சாரம் போனால் அதுவும் நிற்கட்டும்.