அறுபதாவது விநாடியில் நின்றுபோன மெயில்

2011-ல் கரூரில், மெத்தை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்துக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது, கூப்பிட்டால் போவேன். அந்த வருடம் முதலாளி, ஒன்பது வருடம் உழைத்த பென்டியம் 4-ஐ ஓரங்கட்டிவிட்டு, கோர் ஐ3 போட்ட புது மெஷின் வாங்கினார். விண்டோஸ் 7. கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸருக்கு நான்கு பெட்டிகள் வரிசையாகத் தெரியும். உண்மையில் கோர், அதாவது பிராசஸருக்குள் வேலை செய்யும் மூளை, இரண்டுதான். ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங்கால் நான்காகத் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வருகிறவர்களிடம் எல்லாம் நாலு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷின் புதிது, மெயில் புரோகிராம் மட்டும் பழையது. பெயர் வேண்டாம். பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர், 2003-ல் வந்த கலர் அப்ரூவல் வரை உள்ளே கிடந்தது. அதை மாற்றலாம் என்று வாயெடுத்தாலே, பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் பெண் முறைப்பார். எனவே அதையே புது மெஷினில் ஏற்றினேன். மூன்று மெயில் கணக்குகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றையும் ஒரே நேரத்தில் சரிபார்க்கும்படி அமைப்பு.

இரண்டாம் நாளே போன் வந்தது. "தம்பி, மெயில் வரமாட்டேங்குதுங்க. சர்வர் பதில் சொல்லலை, நேரம் முடிஞ்சு போச்சுன்னு வருது." போய்ப் பார்த்தால் வருகிறது. கிளம்பி வண்டியை எடுத்தால் மறுபடி போன். பத்து தடவை சரிபார்த்தால் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் நிற்கும். அதுவும் ஒரே கணக்கில் இல்லை. இப்போது இது, அடுத்து அது. எப்போதும் கெட்டுக்கிடக்கும் மெஷினைச் சரிசெய்துவிடலாம், நாம் போய் நின்றதும் ஒழுங்காக ஓடுகிற மெஷின்தான் உயிரை வாங்கும்.

இணையம் தருகிறவர்களைக் கூப்பிட்டேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) ஒழுங்காக வந்தது. சரி, சர்வரோடு நேரடியாகவே பேசிவிடலாம் என்று டெல்நெட்டை எடுத்தேன். விண்டோஸ் 7-ல் அது தானாக இருக்காது, விண்டோஸ் வசதிகள் பட்டியலில் போய் இயக்க வேண்டும். சர்வர் பெயரையும் 110 என்ற போர்ட் எண்ணையும் (சர்வரில் மெயில் வாங்கும் வாசல்) கொடுத்தால் பிளஸ் ஓகே என்று ஒரு வரி வரும். பிறகு யூசர், பாஸ், ஸ்டாட் என்று மூன்று கட்டளைகள். பெட்டியில் எத்தனை மெயில், மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லிவிடும். இருபது முறை செய்தேன், இருபது முறையும் உடனே பதில். பழைய பென்டியத்தையும் அதே ஸ்விட்சில் சொருகிப் பார்த்தேன். அதே புரோகிராம், அதே கணக்குகள், மதியம் முழுக்க ஒரு பிழைகூட இல்லை.

இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: சர்வர் பதிலுக்காக புரோகிராம் காத்திருக்கும் நேரத்தை 60 விநாடியிலிருந்து 300-க்கு ஏற்றினேன். பலன் என்ன? முன்பு ஒரு நிமிடத்தில் வந்த பிழை இப்போது ஐந்து நிமிடம் கழித்து வந்தது. கூடவே புதுத் தொல்லை ஒன்றும் சேர்ந்தது. நாங்கள் மெயில் வாங்கிய முறைக்கு பாப்3 என்று பெயர்; அதில் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால் சர்வர் அந்தப் பெட்டியைப் பூட்டிவிடும். அவர் வெளியேறும் வரை வேறு யாருக்கும் திறக்காது. எங்கள் புரோகிராம் சில சமயம் லாகின் ஆன பிறகும் நின்றுவிடும். முதலாளி பொறுமை இழந்து பழைய மெஷினில் பார்க்கப் போனால், பெட்டி பூட்டியிருக்கிறது என்று அங்கேயும் பிழை. ஒரு மெஷினில் இருந்த நோய் இரண்டுக்கும் பரவிவிட்டது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பேசாமல் 60-க்கே இறக்கினேன்.

அடுத்து ஆன்டிவைரஸ். மெயிலைச் சோதிக்கும் வசதி உள்ளவை புரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்து, மெயிலை முதலில் தாங்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தரும். பெரிய இணைப்பு வரும்போது இந்தத் தாமதத்திலேயே நேரம் முடிந்துபோவது உண்டு. மெயில் சோதனையை மட்டும் நிறுத்தினேன். பிழைகள் கொஞ்சம் குறைந்தன, ஆனால் ஒழியவில்லை. நடுவில் இருந்த ஆள் விலகிக்கொண்டதில் ஒரு நன்மை: இனி என்ன தெரிந்தாலும் அது புரோகிராமும் சர்வரும் நேராகப் பேசிக்கொள்வதுதான்.

அன்று சாயங்காலம் சும்மா உட்கார்ந்து கைப்பேசியில் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிழை மிகச் சரியாக அறுபதாவது விநாடியில் வந்தது. அதுதான் இடித்தது. எதிர்முனையில் யாருமே இல்லை என்றால் விண்டோஸ் 7 அவ்வளவு நேரம் காத்திருக்காது. முதலில் கதவைத் தட்டிவிட்டு 3 விநாடி, மறுபடி தட்டி 6, இன்னொரு முறை தட்டி 12. ஆக 21 விநாடியில் கைவிட்டுவிடும். சோதனைக்காக, பதிலே வராத ஒரு முகவரியை சர்வர் பெயரின் இடத்தில் போட்டேன். இருபத்தொன்றில் டாணென்று பிழை. அப்படியானால் எங்கள் 60 விநாடிப் பிழையில் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் என்னவோ நடக்கிறது.

நேரத்தை மறுபடி 300-க்கு ஏற்றினேன், இந்த முறை வேடிக்கை பார்க்க. கருப்புத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ எழுத்துகளோடு கொடுத்தால் ஒவ்வொரு இணைப்பும் யாரோடு, எந்த நிலையில் இருக்கிறது, எந்த புரோகிராமுடையது (பெயர் வராது, அதன் பிராசஸ் எண் வரும்) என்று தெரியும். புரோகிராம் திரையில் 'இணைக்கிறது' என்றே நின்றுகொண்டிருக்க, இங்கே 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று இருந்தது. இணைப்பு கிடைத்தாகிவிட்டது! கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே வரி 'க்ளோஸ் வெயிட்' என்று மாறியிருந்தது. சர்வர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தன் பக்கக் கதவைச் சாத்திக்கொண்டது, நம் புரோகிராம் இன்னும் சாத்தவில்லை என்று அர்த்தம். சாத்தாததற்குக் காரணம், சர்வர் போனதே அதற்குத் தெரியாது. ஒரு வாரமாக நான் திட்டிக்கொண்டிருந்த இணையக்காரர்கள் மேல் தப்பே இல்லை.

கோவையில் மென்பொருள் எழுதும் நண்பனிடம் இதைச் சொன்னேன். முழுதாகக் கேட்காமலே, "பழைய மெஷின்ல எத்தனை கோர்டா? ஒண்ணுதானே? புதுசுல அந்த ஒண்ணை மட்டும் குடுத்துப் பாரு" என்றான். டாஸ்க் மேனேஜரில் அந்த புரோகிராமின் மேல் வலது கிளிக் செய்தால் 'செட் அஃபினிட்டி' என்று இருக்கும்; அது எந்தெந்த சிபியுவில் ஓடலாம் என்று சொல்லும் இடம். (இப்போதைய விண்டோஸில் இது 'டீடெய்ல்ஸ்' தாவலுக்குள் போய்விட்டது.) நான்கு டிக்குகளில் சிபியு 0-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். மூன்று நாள் ஒரு பிழை இல்லை. நான்காம் நாள் வேண்டுமென்றே நான்கையும் திருப்பிக் கொடுத்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் நின்றுவிட்டது. மறுபடி ஒன்று, மறுபடி அமைதி.

நண்பன் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புவோம் அல்லவா? வாங்க வேண்டியவர் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். கண்டக்டர் பெயரை ஒரே ஒருமுறை கூப்பிடுவார், பிறகு பார்சலை ஆபீஸில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பெயரைக் கூப்பிட்ட பிறகு வந்து சேர்ந்தவர் என்ன செய்வார்? இனிமேல்தான் கூப்பிடுவார்கள் என்று நிற்பார். பார்சல் பத்தடி தள்ளிக் கிடக்கும். கடைசியில் பொறுமை இழந்து, பஸ்ஸே வரவில்லை என்று வீட்டுக்குப் போன் போடுவார். புரோகிராமுக்குள்ளும் இதே கதைதான். ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கப் போகிறது. இன்னொரு திரெட் பதில் வந்ததும் அதை எழுப்ப வேண்டும். ஒரே கோர் என்றால் இருவரும் மாறி மாறித்தான் நடக்க முடியும், காத்திருப்பவர் பெரும்பாலும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். இரண்டு கோர் என்றால் இருவரும் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், யார் முந்துவார் என்று சொல்ல முடியாது. தவறு 2002-லேயே இருந்தது. அது வெளியே தெரிய இன்னொரு கோர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜரில் செய்த அமைப்பு புரோகிராமை மூடியதும் மறந்துபோகும். ஆகவே ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை எழுதிவைத்து, கிளிக் செய்தால் ஓடும் ஃபைல்) எழுதினேன்: 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'அஃபினிட்டி' என்றும் ஓர் எண்ணும். இதில் இரண்டு இடத்தில் விழுந்தேன். மேற்கோள் குறிக்குள் முதலில் வருவதை அது ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே புரோகிராமின் பாதைக்கு முன் ஒரு வெற்று மேற்கோள் போட வேண்டும். இல்லையென்றால் வெறும் கருப்பு ஜன்னல் திறந்து நிற்கும். இன்னொன்று அந்த எண். முதல் சிபியுவுக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4, நான்காவதுக்கு 8. வேண்டியதைக் கூட்டிப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாகத் தர வேண்டும். நான் இரண்டு சிபியு கொடுத்துப் பார்க்கலாம் என்று 2 போட்டேன். நன்றாக ஓடியது. "ரெண்டு குடுத்தாலும் ஓடுதுடா" என்று பெருமையாகச் சொன்னால் நண்பன் சிரிக்கிறான். நான் கொடுத்தது இரண்டாவது சிபியுவை மட்டும். இரண்டும் வேண்டுமென்றால் 3. அதைப் போட்டதும் பழைய நோய் திரும்பியது. 1-க்கே வந்தேன்.

இதை முதல் வைத்தியமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய புரோகிராம்களில், மெயில் வாங்க 993, அனுப்ப 587 என்று போர்ட் போட்டுக்கொண்டு நேரம் முடிந்துபோனால், முதலில் தவறான போர்ட், ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்றுதான் பார்க்க வேண்டும். பழைய மென்பொருள், புது மெஷின், எப்போதாவது நிற்கிறது, டெல்நெட்டில் மட்டும் உடனே பதில் வருகிறது என்ற நான்கும் சேர்ந்து வந்தால்தான் நான் கோர் பக்கம் போவேன்.

டெஸ்க்டாப்பில் அந்த பேட்ச் ஃபைலுக்கு 'மெயில்' என்று பெயர் வைத்து, மற்ற ஷார்ட்கட்டுகளை எல்லாம் அழித்துவிட்டேன். போன் நின்றது. பில் கொடுக்கப் போனபோது முதலாளி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தார். என்ன செய்தேன் என்று கேட்டார், சொன்னேன். நான்கு பெட்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப ஏந்தம்பி, மெயிலுக்கு ஒண்ணு போதும்னா மிச்சம் மூணுக்கும் எதுக்குங்க காசு குடுத்தோம்?"

"டேலிக்கு இருக்கட்டுங்கண்ணா" என்றேன்.