ஹெரால்டில் எது அசல், எது மாற்றம்?

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தது என்றாலும், அதன் நான்கு கதவு கொண்ட மார்க் 3 வகை இந்தியாவில் மட்டுமே தயாரானது; ஆகவே பழைய கார் கண்காட்சியில் அதை இங்கிலாந்துக் கையேட்டைக் கொண்டு மதிப்பிட்டு, மாற்றப்பட்ட வண்டி என்று ஒதுக்குவது அநியாயம். 948 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தால், அது அசல் அல்ல. ரேடியல் டயரையும் சீட் பெல்ட்டையும் நான் குறையாகக் கருதுவதில்லை. உயிரைக் காப்பவை அவை. எஞ்சின் சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் சி.பி. பாயின்டுக்குப் பதிலாக, அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால்தான் சிக்கல், ஏனெனில் மூடியைக் கழற்றும்வரை அது யாருக்கும் தெரியாது. பழைய பாயின்டும் அதோடு சேர்ந்து இயங்கும் கண்டென்சரும் டிக்கியில் பத்திரமாக இருந்து, எதையும் வெட்டாமல் திரும்ப மாட்ட முடியுமென்றால், உரிமையாளர் அதை முன்கூட்டியே தெரிவிக்கும் பட்சத்தில், அந்த வண்டியை கண்காட்சியில் அசல் வண்டிகளுக்கான பிரிவிலேயே அனுமதிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை வெட்டிச் செய்த மாற்றத்துக்கு அந்தச் சலுகை கூடாது.