குறிப்புச் செயலியும் ஒரு லிட்டர் தண்ணீரும்

2024 ஜூன் 2, ஞாயிறு

ஞாயிறும் திங்களும்தான் நீளமான நாட்கள். சனிக்கிழமை பிற்பகல் டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்ததிலிருந்து செவ்வாய்க் காலை மறுபடி குத்தும் வரை அப்பா குடிப்பதில் பெரும்பகுதி அவர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது; ஒரு லிட்டர் தங்கினால் எடை இயந்திரத்தில் ஒரு கிலோ ஏறுகிறது. அதனால் கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் ‘நீர்’ என்ற குறிப்பை மஞ்சள் நிறமாக்கி, எல்லாக் குறிப்புகளுக்கும் மேலே பொருத்தி வைத்திருக்கிறேன். டம்ளருக்கு 150 மி.லி. வீதம் நாளுக்கு ஆறு பெட்டிகள், மாத்திரை விழுங்க 100 மி.லி., ஆக மொத்தம் ஒரு லிட்டர். இன்று மாலை நான்கு மணிக்கே ஐந்து பெட்டிகளில் குறி விழுந்துவிட்டது.

“ஒரு வாய்தானே குடித்தேன், அதையும் எழுதிவிடுவாயா?” என்றார். எழுதினேன்.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை நாள். நான்கு மணி நேரமும் வார்டில் இருந்த எல்லோரும் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் சிரித்துப் பேசினார். நான் மட்டும் வேறொரு எண்ணிக்கையில் இருந்தேன். எடை 2.9 கிலோ கூடியிருந்தது. என் பெட்டிகளின்படி அவ்வளவு கூடியிருக்கக் கூடாது. மோரைச் சேர்த்தேன், ரசத்தைச் சேர்த்தேன், இட்லிமேல் ஊற்றிய சாம்பாரைக்கூடச் சேர்த்தேன். கணக்கு அப்போதும் நேர்படவில்லை.

ஜூன் 5, புதன்

இரவு ஒன்றரை வரை விழித்திருந்து எல்லாவற்றையும் நோஷன் என்ற வேறொரு செயலிக்கு மாற்ற முயன்றேன். அட்டவணை, தேதி, எடை, நீர், ரத்த அழுத்தம், அவற்றைக் கூட்டிக் கழிக்கும் சூத்திரம், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னப் படம் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. முடிவில் அழகான, ஒரு தகவலும் இல்லாத அட்டவணை ஒன்று கிடைத்தது. அதற்குள் அப்பாவுக்கு இரவு பத்து மணிக்குத் தர வேண்டிய மாத்திரையை மறந்திருந்தேன். அம்மா கொடுத்துவிட்டாள். அவள் வைத்திருப்பது தினசரி காலண்டரில் கிழித்த தாளும் அதில் கட்டிவைத்த ஒரு பென்சிலும் மட்டுமே.

ஜூன் 8, சனி

எடை 2.1. பரவாயில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பட்டியல்கள் கீப்பில் இருக்கட்டும், நீண்ட குறிப்புகள் அப்சிடியன் என்ற செயலியில் இருக்கட்டும் என்று முடிவு செய்து ஒரு வாரமாகிறது. அப்சிடியன் எழுதுவதை எல்லாம் வெறும் உரைக் கோப்புகளாகவே கைபேசியில் வைக்கிறது. நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் கோப்புகளை வேறெதிலும் திறந்து படிக்கலாம். இந்தப் பயம் காரணமில்லாதது அன்று. 2013 மார்ச்சில் கூகுள், இணையதளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய தன் ரீடர் சேவையை மூடப்போவதாக அறிவித்த அடுத்த வாரம்தான் கீப்பை வெளியிட்டது.

இன்று மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். “கால் வீக்கம் எப்போது முதலில் வந்தது?” எழுதி வைத்திருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரியும். ‘வீக்கம்’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. வீட்டுக்கு வந்து பொறுமையாகப் புரட்டியபோதுதான் நான் எழுதியிருந்தது ‘வீக்கத்தைப் பார்த்தேன்’ என்பது தெரிந்தது. செயலிக்கு வீக்கம் வேறு, வீக்கத்தை வேறு. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றவுடன் வாலை மாற்றிக்கொள்கின்றன. பணம் பணத்தையாகிறது, வீடு வீட்டிலாகிறது. இனிச் சொல்லின் மாறாத தலைப்பகுதியை மட்டும் தட்டித் தேட வேண்டும். ‘நீர்’ என்று புள்ளி வைத்துத் தேடினால் ‘நீரை’ அகப்படாது. புள்ளியை நீக்கி ‘நீர’ என்று தட்டினால் இரண்டும் வருகின்றன. வீக்கம் வந்தது ஏப்ரல் 19-ஆம் தேதி.

ஜூன் 13, வியாழன்

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்ற அழைப்பு இன்றும் இல்லை. கைபேசியின் ஒலியை யாரும் குறைக்கக் கூடாது என்று எழுதிப் பொருத்தி வைத்திருக்கிறேன், குறைக்கக்கூடியவள் நான் ஒருத்தியாக இருந்தும்.

ஜூன் 16, ஞாயிறு

சமையலறையில் இருமல் மருந்தோடு வந்த அளவு மூடியால் டம்ளரை அளந்தேன். 190 மி.லி. கழுத்துவரை ஊற்றினால் 200. இத்தனை நாளும் ஆறு டம்ளர் என்று நான் குறித்து வந்தது ஒரு லிட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெட்டிகள் அத்தனையும் ஒழுங்காக, அத்தனையும் தவறாக. அப்பாதான் ஒளித்துக் குடிக்கிறார் என்று நினைத்துக் குளியலறை வாளிவரை சந்தேகப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சிறிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வைத்தேன்.

ஜூன் 19, புதன்

அழைப்பு வந்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் ‘பை’ பட்டியலைக் கைதவறி அழித்துவிட்டேன். கீப்பின் குப்பைத் தொட்டி ஏழு நாட்கள்தான் வைத்திருக்கும் என்று தெரிந்ததால், இரண்டே நிமிடத்தில் மீட்டுவிட்டு, பிறகும் அரைமணி நேரம் கை நடுங்கியது. பத்தொன்பது பொருள்கள்: கோப்பு, ஆதார், காப்பீட்டு அட்டை, பதிவு எண் எழுதிய தாள், இரண்டு வேட்டி, அம்மாவின் கம்பளி, சார்ஜர் என்று. அண்ணனையும் அந்தக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். மஸ்கட்டில் இருந்துகொண்டு அவன் எதையும் எடுத்து வைக்கப்போவதில்லை. ஆனால் சில இரவுகளில் ‘டார்ச்’, ‘சில்லறை’ என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கும். தொலைபேசியில் பேசுவதைவிட இதுவே எங்களுக்கு எளிதாக இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது. சிவப்பு நிறக் குறிப்பு. அப்பா அதைப் படித்துவிட்டு, “என்ன கூடும் என்று ஒரு குறிப்புப் போடேன்” என்றார். போட்டேன், பச்சை நிறத்தில். நான்கு வரிக்குமேல் ஓடவில்லை.

ஜூன் 24, திங்கள்

அழைப்பு இரவு 1.40-க்கு வந்தது. எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார்கள். இத்தனை மாதம் ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்: அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் குறியிட்டேன். குறியிட்டவை பட்டியலின் அடிக்கு இறங்கி, மேலே எஞ்சியவை குறைந்துகொண்டே வந்தன. பதினேழாவதை நான் தொடுவதற்குள் அதில் தானாகக் குறி விழுந்தது. அண்ணன் விழித்திருக்கிறான் என்று புரிந்தது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அந்த நேரத்தில் சாலை காலியாக இருந்தது. அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அங்கே போனபிறகுதான் நாங்கள் இரண்டாவது ஆள் என்று சொன்னார்கள். முதலில் வந்தவருக்கு ரத்தம் பொருந்தாவிட்டால்தான் எங்களுக்கு. காலை ஒன்பதரைக்குப் பொருந்திவிட்டது என்றார்கள். அந்த வீட்டுக்காரர்களை நடைக்கூடத்தில் பார்த்தேன். அவர்களிடமும் இதே போல ஒரு பை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ‘பை’ குறிப்பைத் திறந்து எல்லாக் குறிகளையும் நீக்கினேன். பொருள்களைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எடை 1.6 தான் கூடியிருந்தது. செவிலியர் அப்பாவைப் பாராட்டினார். ஞாயிறு நள்ளிரவிலிருந்து அவர் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்ததை யாரும் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகும் நேற்று முழுவதும் இரண்டு டம்ளர்தான், சிறிய டம்ளர்.

ஜூன் 27, வியாழன்

இருபதாவதாக ஒரு வரி முளைத்திருக்கிறது, காலை 5.12-க்கு: ‘எனக்கு முதலில் போன் செய்.’ அதற்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி.